கியர் எண்ணெயில் நீர் கலத்தல்: டிராக்டருக்கும் ஆட்டோமாட்டிக் காருக்கும் நேரும் கேடு

பேச்சிப்பாறை அணையிலிருந்து கன்னிப்பூ சாகுபடிக்குச் சாதாரணமாய் ஜூன் மாதம் முதல் தேதியை ஒட்டித் தண்ணீர் விடப்படுகிறது. புத்தன் அணையைக் கடந்து, தோவாளைக் கால்வாயிலும் அனந்தனார் கால்வாயிலும் நாஞ்சில் நாடு புத்தனார் கால்வாயிலும் நீர் ஏறிய சில நாட்களுக்குள் ஏலாக்களிலெல்லாம் தொளி உழவு ஆரம்பமாகிவிடும். உழவு மாடுகள் பெரும்பாலும் மறைந்துபோன இக்காலத்தில் இவ்வேலை முழுவதும் டிராக்டரின் தலையிலேயே விழுகிறது. காலை ஆறு மணிக்கு வயலில் இறங்கிய வண்டி இருட்டும் வரையில் அச்சு முழுகச் சேற்றில் நிற்கிறது. அவ்விதம் நின்ற வண்டியின் பின்புறப் பெட்டியில் உள்ள எண்ணெயை அளவுக்கோலை உருவிப் பார்த்தால், தேன் நிறமாய் இருக்கவேண்டியது பால் விட்ட காப்பியைப்போல் வெளுத்துக் காணப்படுவதுண்டு. இதைக் கண்டும் காணாததுபோல் விட்டுவிடுவது நம் ஜில்லாவில் வழக்கமாகிவிட்டது. அவ்வாறு விடுவதனால் வரும் நஷ்டம் இன்னதென்பதையும், அதைக் கண்டறியும் வழியையும், பரிகாரத்தையும் இங்கே எழுத முற்படுகிறேன்.

இவ்விஷயத்தில் முதற் பிழை செய்தவன் நானே என்பதை மறைப்பதற்கில்லை. சில வருஷங்களுக்கு முன் தோவாளைத் தாலுகாவில் ஒரு பத்தில் திருந்திய நெல் நடவைக் காட்டும்பொருட்டுச் சென்றிருந்தேன். சொந்தமாய் ஒரு டிராக்டர் வைத்துக்கொண்டு, தம் நிலத்தையும் அயலார் நிலத்தையும் உழுது ஜீவிக்கும் ஒரு விவசாயி என்னை அழைத்து அளவுக்கோலைக் காட்டினார். “சாரே, ஆயிலு மோருல மஞ்சப்பொடி போட்டாப்பில இருக்கு. இன்னும் ரெண்டு நாளு ஓட்டுதான் பாக்கி. பத்தை முடிச்சிட்டுப் பாத்தாப் போராதா?” என்று கேட்டார். நாற்றங்காலில் அம்பை 16 நாற்றுக்கு அன்று 23 நாள் வயது. 110 முதல் 115 நாளில் விளையும் அவ்வகையில் நாற்று முற்றிவிட்டால் தூர் கட்டுவது குறையும் என்பதே என் மனத்தில் முன் நின்றது. “முடித்துவிட்டே பாருங்கள், அண்ணாச்சி” என்று சொல்லி வந்துவிட்டேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் வயலிலிருந்து கால்வாய்க் கரைமேல் வண்டி ஏறுகையில் பிரேக் பிடிக்கவில்லை. கரைச் சரிவில் வண்டி பின்னோக்கி உருண்டது. சக்கர மட்கார்டின்மேல் உட்கார்ந்து வந்த அவர் தம்பி குதித்ததில் கணுக்கால் முறிந்தது. பின்னால் மாட்டியிருந்த ரோட்டவேட்டர் சேற்றில் புதைந்து வண்டியைத் தடுத்து நிறுத்தியதனால் உயிருக்குச் சேதமில்லை. மட்கார்டின்மேல் ஆளை ஏற்றுவது எக்காலத்திலும் கூடாது. அதுவும் அன்று கண்கூடாயிற்று. ஆனால் பிரேக் தவறியதற்குக் காரணம், இரண்டு நாள் முன்னமே அளவுக்கோலில் தெரிந்த அந்த வெளுப்புத்தான். பெட்டியைத் திறந்து எண்ணெயை வடித்தபோது, ஊற்றியிருந்த அளவுக்குமேல் அரை வாளி அதிகமாய் வந்தது. பிரேக் தட்டுகளில் ஒரு பக்கத்து உராய்வுப் பட்டை தோல் உரிவதைப்போல் உரிந்துவந்தது. இரும்புத் தட்டுகளில் செந்துரு ஏறியிருந்தது.

வெளுத்த எண்ணெய்க்கும் பிரேக்கிற்கும் என்ன சம்பந்தமென்று கேட்கலாம். பழைய டிராக்டர்களில் பிரேக் உலர்ந்த இடத்தில் தனியே இருந்தது. இப்போது விற்கும் டிராக்டர்களில் பெரும்பாலானவற்றில் பிரேக் தட்டுகள் எண்ணெயில் முழுகியே இருக்கின்றன. பின்புறப் பெட்டியில் உள்ள ஒரே எண்ணெய்தான் கியர்ச் சக்கரங்களுக்கு உராய்வு தடுப்பதும், டிபரன்ஷியலுக்கு மசகாவதும், கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக்கிற்குச் சக்தி கொடுப்பதும், பிரேக் தட்டுகளின் சூட்டைத் தணிப்பதும் ஆகிய நான்கு காரியங்களையும் செய்கிறது. வண்டியின் அளவைப் பொறுத்து இது பெரும்பாலும் 25 முதல் 50 லிட்டர் வரை பிடிக்கும். இவ்வெண்ணெயில் நீர் கலந்தால் நான்கு வேலைகளும் ஒருசேரக் கெடுகின்றன. பிரேக் தட்டின் பட்டை பெரும்பாலும் காகித நாரைப் பிசின் கொண்டு இறுக்கிப் பதித்து, இரும்போடு பசையால் ஒட்டப்பட்டது. நீரில் அது ஊறும்; சூட்டில் ஊறியது கழன்றுவிடும். கியர்ப் பற்களுக்கும் பேரிங்குகளுக்கும் இடையே நிற்கவேண்டிய எண்ணெய்ப் படலம் நீரால் அறுபடுவதனால் உலோகத்தோடு உலோகம் உரைகிறது. இரவில் வண்டி நிற்கும்போது நீர் அடியில் தங்கித் துருவை உண்டாக்குகிறது. எண்ணெய் நுரைப்பதனால் ஹைட்ராலிக் கைகள் நடுக்கத்தோடு ஏறி இறங்கும். ஓட்டுபவர் முதலில் உணர்வது சாதாரணமாய் இந்த நடுக்கத்தைத்தான்.

சேற்று நீர் உள்ளே புகுவது எவ்வாறு?

பெட்டி இரும்பாலானது; நாற்புறமும் மூடியது; சேறு எப்படி நுழையும் என்று பலர் ஐயுறுகின்றனர். நீர் தானாக நுழைவதைக் காட்டிலும் உள்ளே உறிஞ்சப்படுவதே அதிகம். இரண்டு மூன்று மணி நேரம் உழுத வண்டியின் பெட்டி கைவைக்க முடியாத சூட்டில் இருக்கும். உள்ளிருக்கும் காற்று விரிந்து, பிரீதர் என்னும் மூச்சுத் துவாரத்தின் வழியாய் வெளியேறியிருக்கும். உடனே அவ்வண்டி குளிர்ந்த கால்வாய் நீர் நிற்கும் ஆழமான வயலில் இறங்கினால், பெட்டி சட்டென்று குளிர்கிறது. உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. வெளியிலிருந்து எதையாவது இழுத்தே தீரவேண்டும். பிரீதர் சுத்தமாயிருந்தால் காற்றை இழுக்கும். அது சேறேறி அடைபட்டிருந்தால், அச்சின் ஓரத்தில் உள்ள ஆயில் சீலின் வழியே நீரை இழுக்கும்.

மேற்சொன்ன விவசாயியின் வண்டியில் இரண்டு குறைகளும் சேர்ந்திருந்தன. பிரீதரின் மேல் சேறு காய்ந்து ஓடுபோல் மூடியிருந்தது. பின் அச்சில் வைக்கோலும், உரச் சாக்கு தைக்கும் நைலான் நூலும் கயிறாய்த் திரித்துக்கொண்டு சீலின் உதட்டை அறுத்துவிட்டிருந்தன. வைக்கோல் சுற்றுவதை எல்லாரும் பார்க்கிறார்கள். நைலான் நூல் ரப்பரைக் கத்திபோல் அறுக்கும் என்பதை அநேகர் நினைப்பதில்லை. சாக்கைப் பிரித்த நூலை வரப்பில் எறிவதை விட்டுவிட்டாலே பாதிக் குறை தீரும். கேஜ் வீல் பூட்டும் வண்டிகளில் அச்சுத் தலைக்குச் சேறு நேரே எட்டுவதனால் இந்தக் கவனம் இன்னும் அதிகமாய் வேண்டும்.

வேறு வழிகளும் உள. கியர் லீவரின் அடியில் உள்ள ரப்பர் உறை கிழிந்த வண்டியை மழையில் நிறுத்துவதாலும், பிரஷர் பம்பு கொண்டு அதன்மேலேயே பீய்ச்சிக் கழுவுவதாலும் நீர் இறங்கும். எண்ணெய் ஊற்றும் மூடியின் வாஷர் தொலைந்து போனதற்குத் துணியைச் சுற்றி அடைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். கிளட்ச் அறையின் அடியில் சிறு துவாரம் ஒன்று உண்டு. உலர்நில வேலைக்கு அது திறந்திருக்க வேண்டும். தொளிக்கு இறங்குமுன் அதற்குரிய அடைப்பானைப் பொருத்த வேண்டும். தொளி முடிந்தபின் மறுபடி கழற்றி உள்ளே சேர்ந்ததை வடிக்கவேண்டும். இந்த அடைப்பான் வண்டி வாங்கிய அன்று டூல் பெட்டியில் கொடுக்கப்பட்டது. இன்று அது எங்கே என்று கேட்டால் பத்துப் பேரில் ஒருவர் எடுத்துக் காட்டினால் ஆச்சரியம்.

நீர் கலந்துள்ளதா என அறிய மூன்று சோதனைகள் உள. முதலாவது கண்ணால் பார்ப்பது. இதில் ஒரு தவறு நேர்வதுண்டு. ஓடி நின்ற உடனே பார்த்தால் நல்ல எண்ணெயும் நுரையால் வெளுத்துக் காணும். ஆகையால் மாலையில் வண்டியை நிறுத்தி, மறுநாட் காலையில் கிளப்புமுன் பார்க்கவேண்டும். இரவு முழுவதும் நின்றபின்னும் வெளுப்பு மாறாதிருந்தால் அது நீரே. இரண்டாவது, அடியிலுள்ள வடிகால் திருகைச் சற்றே தளர்த்தி முதலில் வருவதை ஒரு கண்ணாடிச் சீசாவில் பிடித்து ஒரு நாள் அசையாமல் வைப்பது. கலவாத நீர் அடியில் பிரிந்து நிற்கும். எண்ணெயோடு நன்றாய்க் கடைபட்ட நீர் பிரியாது. எனவே சீசாவின் அடியில் நீர் தெரியாததைக் கொண்டு நிம்மதி அடைந்துவிடக் கூடாது. மூன்றாவது, சமையலுக்கு உதவாத ஒரு பழைய இரும்புத் தகட்டை நன்கு சுடவைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, வெளியிடத்தில் அதன்மேல் ஒரே ஒரு துளி எண்ணெயை விடுவது. நல்ல எண்ணெய் சத்தமின்றிப் பரவும். நீர் கலந்தது கடுகு வெடிப்பதுபோல் பொரியும். ஆயிரத்தில் ஒரு பங்கு நீரையும் இது காட்டிவிடும். கண்ணுக்குக் கண்ணாடி அணிந்து, எட்ட நின்று செய்க. துளிக்குமேல் விடுவது நெருப்பை வரவழைப்பதாகும்.

நீர் உண்டெனத் தெரிந்தபின் செய்யவேண்டியது, வேலையை நிறுத்துவதே. நாற்று முற்றுகிறதே என்ற கவலை நியாயமானது. அதற்கு வேளாண்மைப் பொறியியல் துறையாரிடமோ அயலாரிடமோ வாடகைக்கு வண்டி பிடிப்பது, பெட்டியைப் பிரித்துப் பழுது பார்ப்பதைவிட எப்போதும் மலிவு. எண்ணெயை இரவு தங்கவைத்துக் காலையில் வடிக்கவேண்டும். வடிகால் திருகு ஒன்று மட்டும் அன்று. கியர்ப் பெட்டிக்கு ஒன்று, டிபரன்ஷியலுக்கு ஒன்று, இரு அச்சுக் குழல்களுக்கும் தனித்தனியே ஒவ்வொன்று எனப் பல வண்டிகளில் உண்டு. ஒன்றை மட்டும் திறந்து வடித்தவர்கள், புது எண்ணெய் ஊற்றிய மறுநாளே அதுவும் வெளுத்துவிட்டது என்று எண்ணெய்க் கடைக்காரரைக் குறைசொல்வதைக் கேட்டிருக்கிறேன். சீலையும் பிரீதரையும் சரிசெய்து, பில்ட்டரை மாற்றி, சல்லடையைக் கழுவியபின், குறைந்த அளவு புது எண்ணெய் ஊற்றி, சமதரையில் சுமையின்றிச் சிறிது நேரம் ஓட்டிச் சூடாக்கி, அதையும் வடித்துவிட்டே முழு அளவை ஊற்றுதல் வேண்டும். சில பட்டறைகளில் டீசலை ஊற்றிக் கழுவுகிறார்கள். டீசலோடு வண்டியை ஓட்டுவது பேரிங்கை வெறும் இரும்பில் ஓட்டுவதற்குச் சமானம். மூலையில் தங்கிவிட்ட டீசல் புது எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். எண்ணெய்க் கையேட்டில் எண்ணெயில் முழுகிய பிரேக்கிற்கு உரியதென்று குறித்த வகையையே வாங்குக. அதற்குப் பதிலாய்த் தொண்ணூறு நம்பர் கியர் எண்ணெயை ஊற்றினால் பிரேக் கீச்சிடும், உதறும்.

இங்கே ஒரு பேதத்தைச் சொல்லவேண்டும். மேலே சொன்னது பின்புறப் பெட்டி எண்ணெய் வெளுப்பதைப் பற்றி. இஞ்சின் எண்ணெய் வெளுப்பது வேறு நோய். பெரும்பாலான டிராக்டர்களில் பின்புறப் பெட்டிக்கும் ரேடியேட்டர் நீருக்கும் யாதொரு தொடர்பும் கிடையாது. ஆகவே அங்கே காண்பது வயல் நீரோ மழை நீரோதான். இஞ்சினிலோ, குளிர்விக்கும் நீர் சிலிண்டரைச் சுற்றியே ஓடுகிறது. லைனரின் அடிவளையம் தேய்ந்தாலும், தலைப் பொதியான கேஸ்கட் எரிந்தாலும், ரேடியேட்டர் நீர் எண்ணெயில் இறங்கும். ரேடியேட்டரில் நீர் நாளுக்கு நாள் குறைந்து, இஞ்சின் எண்ணெயின் மட்டம் தானே உயர்ந்தால், சந்தேகத்திற்கே இடமில்லை.

ஆட்டோமாட்டிக் காரில் நேர்வது

குளிர்விக்கும் நீரே கியர் எண்ணெயில் கலக்கும் நோய் ஒன்று உண்டு. அது டிராக்டரைக் காட்டிலும் ஆட்டோமாட்டிக் கார்களுக்கு உரியது. விவசாயப் பத்திரிகையில் கார் எதற்கு என்று கேட்கவேண்டாம். நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் ரப்பரும் வாழையும் தென்னையும் விற்ற பணத்தில் கார் வாங்கினவர்கள் ஏராளம். அயல்நாட்டிலிருந்து திரும்பியவர்கள், கிளட்ச் மிதிக்கவேண்டாத வண்டியையே விரும்பி வாங்குகிறார்கள். அதுவும் பெரும்பாலும் பழைய வண்டி.

முழு ஆட்டோமாட்டிக் கியர் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் கார்களின் 1940-ஆம் வருஷ மாதிரியோடு பெருவாரியாய் விற்பனைக்கு வந்தது. அதற்கென்றே தனி எண்ணெய் வகையை 1949-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிர்ணயித்தது. கிளட்சுக்குப் பதிலாய் டார்க் கன்வெர்ட்டர் என்னும் உருண்டை வடிவக் கலம் ஒன்று, எண்ணெயின் சுழற்சியைக் கொண்டே இஞ்சினின் சக்தியைக் கியருக்குச் சேர்க்கிறது. எண்ணெய் எண்ணெயோடு மோதிச் சுழலுவதனால் கடும் உஷ்ணம் பிறக்கும். அதைத் தணிக்க அநேக கார்களில் கையாண்ட உபாயம் யாதெனில், இரண்டு குழாய்களின் மூலம் எண்ணெயை முன்னுக்குக் கொண்டுவந்து, ரேடியேட்டரின் ஓரத் தொட்டிக்குள்ளேயே வைத்த ஒரு சிறு குளிர்விப்பானின் வழியாய் ஓடவிடுவது. அதைச் சுற்றிலும் கூலண்ட் நீர். நடுவில் ஒரு மெல்லிய உலோகச் சுவர்தான். அச்சுவர் அரித்தாலோ, இணைப்பு விரிந்தாலோ இரண்டும் கலக்கின்றன.

கலப்பது இரு திசையிலும் என்பது கவனிக்கத்தக்கது. இஞ்சின் ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் சாதாரணமாய்க் கூலண்டின் அழுத்தத்தைவிட அதிகம். எனவே எண்ணெய் ரேடியேட்டருக்குள் போகும். இஞ்சினை நிறுத்தியவுடன் எண்ணெயின் அழுத்தம் அற்றுப்போகிறது. ஆனால் சூடான கூலண்ட், ரேடியேட்டர் மூடியின் இறுக்கத்தால், சதுர அங்குலத்திற்குச் சுமார் 15 பவுண்டு அழுத்தத்தில் இன்னும் நிற்கும். அப்போது கூலண்ட் எண்ணெய்க்குள் போகும். பகலில் பத்து இடத்தில் நிறுத்தி எடுக்கும் வண்டியில் பத்துத் தடவையும் இப்படி நடக்கிறது. ஆகவே அடையாளம் இரண்டு இடத்தில் தெரியும்: கூலண்ட் டப்பியில் இளஞ்சிவப்புப் பாலாடை மிதக்கும், அளவுக்கோலில் சிவந்திருக்கவேண்டிய எண்ணெய் ரோஸ்மில்க் நிறமாய் வரும். அளவுக்கோலே இல்லாத வண்டிகள் இப்போது அதிகம்; அவற்றில் கூலண்ட் டப்பிதான் ஒரே ஜன்னல். வாரத்துக்கு ஒருமுறை, இஞ்சின் குளிர்ந்திருக்கையில், அதைத் திறந்து பார்ப்பது அரை நிமிஷ வேலை.

எண்ணெயில் புகுந்த கூலண்ட் வெறும் நீரைவிடக் கொடியது. அதில் பாதியளவு எத்திலீன் கிளைக்கால் என்னும் திரவம். ஆட்டோமாட்டிக் கியருக்குள் அடுக்கடுக்காய் உள்ள கிளட்ச் தட்டுகளும், டிராக்டர் பிரேக்கைப்போலவே, பசையால் ஒட்டிய உராய்வுப் பட்டை உடையவை. கிளைக்கால் அப்பசையை இளக்குகிறது. நீர் பட்டையை ஊறவைக்கிறது. உரிந்த நார் வால்வுகளின் நுண்ணிய துவாரங்களை அடைக்கும். முதலில் மேட்டில் ஏறும்போது ஒரு நடுக்கம், பிறகு கியர் விழத் தாமதம், பிறகு இஞ்சின் இரைந்தும் வண்டி நகராமை என்று நோய் முற்றுகிறது.

அமெரிக்காவில் 2005 முதல் 2010 வரையிலான மாதிரிகளைச் சேர்ந்த நிஸான் பாத்பைண்டர், எக்ஸ்டெர்ரா, பிராண்டியர் வண்டிகளில் ரேடியேட்டருக்குள் உள்ள குளிர்விப்பானைப் பற்றி இதே குறை எழுந்து, சொந்தக்காரர்கள் பலர் சேர்ந்து வழக்காடும் அளவுக்குச் சென்றது. நிறுவனத்தார் அவ்வுறுப்புக்கான உத்தரவாதத்தை நீட்டித்தனர். நம் ஊரிலும் இதை ஒருமுறை அருகிருந்து கண்டேன். ஓய்வு பெற்ற உபாத்தியாயர் ஒருவர் பழைய ஆட்டோமாட்டிக் கார் ஒன்றை வாங்கினார். ராஜாக்கமங்கலம் பக்கத்தில் வீடு. கூலண்ட் குறைந்தபோதெல்லாம் வீட்டுக் கிணற்று நீரையே ஊற்றினார். கடலோரக் கிணறுகளில் உப்பு அதிகம் என்பதும், உப்பின் குளோரைடு அலுமினியத்தைத் துளைத்துவிடும் என்பதும் அவர் அறியாததன்று. பிள்ளைகளுக்கு ரசாயனம் கற்பித்தவர். கார் அந்தப் பாடத்தில் சேராது என்று இருந்துவிட்டார். டப்பியில் ஆடை மிதந்ததைப் பட்டறையில் காட்டியபோது, ரேடியேட்டரை மட்டும் மாற்றி, கியர் எண்ணெயை ஒருதரம் வடித்து ஊற்றி அனுப்பிவிட்டார்கள். ஒரு மாதம் நன்றாயிருந்தது. பிறகு ஆரல்வாய்மொழி போய்த் திரும்புகையில் நடுவழியில் வண்டி நின்றது.

ஒருதரம் வடித்தால் போதாமைக்குக் காரணம் எளிது. அடித்தட்டைத் திறந்து வடிக்கும்போது எண்ணெய் முழுவதும் வருவதில்லை. டார்க் கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் பெரும்பகுதி தங்கிவிடும். ஒவ்வொரு தடவையும் பாதி மாறுவதாய் வைத்துக்கொண்டாலும், முதல் தடவைக்குப்பின் கெட்டதில் பாதியும், இரண்டாவதற்குப்பின் கால் பங்கும், மூன்றாவதற்குப்பின் அரைக்கால் பங்கும் உள்ளேயே இருக்கும். மூன்றில் ஒரு பங்கே மாறும் வண்டியில், மூன்று தடவை வடித்தும் 27-இல் 8 பங்கு மிச்சம். அதாவது நூற்றுக்குச் சுமார் 30. ஊறிய பட்டையை எத்தனை தடவை கழுவினாலும் பசை திரும்ப ஒட்டாது என்பது வேறு.

ஆகையால் இரண்டு நிலையாய்ப் பிரித்துத் தீர்மானிப்பது நலம். ஆடையைக் கண்ட அன்றே வண்டியை நிறுத்திவிட்டு, நடுக்கமோ தாமதமோ இன்னும் காணாதிருந்தால், ரேடியேட்டரை மாற்றி, எண்ணெய்க் குழாய்களைக் கழுவி, பில்ட்டரைப் புதிதாக்கி, பொரிச்சல் சோதனையில் சத்தம் அடங்கும் வரை எண்ணெயை மீண்டும் மீண்டும் மாற்றிப் பார்க்கலாம். பிழைக்கும் வண்டிகள் உண்டு. கலங்கிய எண்ணெயோடு பல நாள் ஓடியிருந்தால் இந்தச் செலவு வீண். பெட்டியைப் பிரித்துத் தட்டுகளும் சீல்களும் புதிதாக்கி, டார்க் கன்வெர்ட்டரையும் மாற்றவேண்டும். இதற்கு ஆகும் தொகை பழைய வண்டியின் விலையை எட்டுமானால், அப்படியே விற்றுவிடுவதில் வெட்கமில்லை. குறையை மறைத்து விற்பதில்தான் உண்டு. உபாத்தியாயர் அப்படித்தான், குறையைச் சொல்லியே விற்றார். எந்த நிலையிலும், கலப்பு தெரிந்த வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகலாகாது. கயிறு கட்டி இழுப்பதும் தவறு. சக்கரம் சுழல உள்ளே எண்ணெய் இல்லாமலே கியர் சுழலும். லாரியின்மேல் ஏற்றியே கொண்டுபோக வேண்டும்.

கூலண்ட் பக்கத்தையும் மறந்துவிடக் கூடாது. எண்ணெய் பட்ட ரப்பர்க் குழாய்கள் உப்பி மென்மையாகிவிடும், அவற்றையும் மாற்றவேண்டும். மீண்டும் இந்த வம்பே வேண்டாமென்பவர்கள், ரேடியேட்டருக்கு வெளியே காற்றால் குளிரும் தனிக் குளிர்விப்பானைப் பொருத்தி, எண்ணெயும் நீரும் ஒரே இடத்தில் சந்திக்காதபடி செய்துகொள்ளலாம். தக்க அளவுடையதை, தெரிந்த மெக்கானிக்கைக் கொண்டு செய்க. சில புதிய வண்டிகளில் குளிர்விப்பான் ரேடியேட்டரில் இல்லாமல் கியர்ப் பெட்டியின் மேலேயே இருக்கும். ஆயினும் கூலண்ட் குழாய் அங்கே போவதனால் அபாயம் அதேதான்.

ஆட்டோமாட்டிக் என்று பெயர் பெற்ற எல்லா வண்டிக்கும் இந்தப் பயம் இல்லை. நம் நாட்டில் 2014-இல் மாருதி செலேரியோவோடு பரவத் தொடங்கிய ஏ.எம்.டி. வகையில், சாதாரணக் கியர்ப் பெட்டியையே ஒரு யந்திரக் கை மாற்றிக்கொடுக்கிறது. டார்க் கன்வெர்ட்டரும் இல்லை, ரேடியேட்டருக்குப் போகும் எண்ணெய்க் குழாயும் இல்லை. வாங்குமுன் எந்த வகை என்று கேட்டுக்கொள்க. வெள்ளத்தில் முழுகினால் மட்டும் எந்த வகையும் தப்பாது. 2021 நவம்பரிலும், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளிலும் தென் ஜில்லாக்களில் பெய்த பெருமழையைப் போன்ற ஒன்றில் கியர்ப் பெட்டி வரை நீரில் நின்ற வண்டியும், டிராக்டரும், பவர் டில்லரும், எண்ணெயைச் சோதிக்காமல் கிளப்பப்படக் கூடாது.

கூலண்டைப் பற்றி ஒரு வார்த்தை. ரேடியேட்டரில் கிணற்று நீரோ கால்வாய் நீரோ ஊற்றவேண்டாம். கலந்து விற்கும் கூலண்டையாவது, வடித்த நீரில் கலந்ததையாவது ஊற்றுக. நிறம் ஒன்றாயிருப்பதால் வகை ஒன்றென்று எண்ணி இரண்டைக் கலக்கவேண்டாம். நிறம் வெறும் சாயமே. கையேட்டில் குறித்த காலம் வந்ததும், தெளிவாயிருந்தாலும், மாற்றிவிடுக. அரிப்பைத் தடுக்கும் மருந்து அதற்குள் செலவாகியிருக்கும்.

வடித்த கூலண்டை எங்கே கொட்டுவது என்பதில் நம்மவர்கள் காட்டும் அசட்டை மிகவும் அபாயகரமானது. எத்திலீன் கிளைக்கால் இனிப்பான விஷம். ருசி பார்த்து அறிய முயல்வது எவருக்கும் கூடாது. தொழுவத்தின் அருகே வடித்த தட்டையோ, முற்றத்துக் குழியில் தேங்கியதையோ கன்றும் நாயும் விரும்பி நக்கும். குடித்த பிராணி முதலில் கள் குடித்ததுபோல் தள்ளாடும்; சிறிது தேறினதுபோல் தோன்றும்; அதற்குள் சிறுநீரகம் கெடத் தொடங்கிவிடும். தள்ளாடும்போதே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனால் காப்பாற்ற வழியுண்டு. தேறிவிட்டதென்று விட்டுவிட்டால் இல்லை. வடித்ததை உடனே மூடியுள்ள டின்னில் ஊற்றி, மேலே விஷம் என்று எழுதி, குழந்தைகளுக்கும் ஆடுமாடுகளுக்கும் எட்டாத இடத்தில் வைத்துப் பட்டறையிலேயே ஒப்படைக்க வேண்டும். கெட்ட கியர் எண்ணெயையும் அவ்வாறே செய்க. வரப்பில் ஊற்றினால் அது கடைமடை வரை படலமாய்ப் பரவி, கீழ்வயல்காரரின் நாற்றைத்தான் முதலில் போய்ச் சேரும்.